மாறாக் காற்றாடியும் அமுக்கமானியும்

மன்னார்க் கரையில் வாழும் நாம் காற்றின் வலிமையை நன்கறிவோம். விமான எஞ்சினும் காற்றை உட்கொண்டே இயங்குவது. அக்காற்றுப் புகும் குழாயின் அமுக்கத்தை இரச அங்குலத்திற் காட்டுவது அமுக்கமானி. எஞ்சின் நின்றிருக்கையில், கடன்மட்டத்தில் அது வெளிக்காற்றின் அமுக்கமாகிய ஏறத்தாழ 30 அங்குலம் காட்டும். எஞ்சின் மெல்ல ஓடுகையில், குழாய்வாயில் ஒடுங்கியிருப்பதால் மிகக் குறையும்.

1935இல் இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய பஸ் மொத் போன்ற சிறு விமானங்களின் காற்றாடி இதழ்க்கோணம் மாறாதது. ஆதலின் எஞ்சினின் வலு குன்றினாற் சுழற்சியும் உடன் குன்றும்; பெரும்பாலும் சுழற்சிமானியே போதும். கோணம் தானே மாறிச் சுழற்சியைக் காக்கும் காற்றாடியிலோ அமுக்கமானியே உண்மை உரைக்கும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே வீசும் ஈரக் கடற்காற்றில், வெப்பநாளிலும் காபரேற்றரில் பனிக்கட்டி படியக்கூடும். சுழற்சிமானியின் முள் சிறிது இறங்கும்போதே அதனையுணர்ந்து, சுடுகாற்றை உட்செலுத்தும் விமானியே கரை சேர்வான். கருவி எளிதாயினும், நோக்குவார்க்கே அது துணையாகும்.