தானாக நழுவும் ஸூம் லென்ஸ்: பயம் வேண்டாம், பக்குவம் போதும்

கமராவை ஆண்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரி, கேக்கைப் படமெடுத்து அனுப்பித்தான் ஓடர் பிடிக்கிறார். அபாயா தைப்பவரும் கைவேலை செய்பவரும் அப்படியே. கலியாண வீடுகளில் பெண்கள் பகுதியைப் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அந்த வேலையை ஏற்றுச் சம்பாதிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கமரா என்பது தையல் மெஷினைப் போல ஒரு தொழிற்கருவி. அதில் ஒரு கோளாறு வந்தால் வருமானத்தில் ஓட்டை விழுகிறது.

அப்படி மனதைக் கலங்க வைக்கும் கோளாறுகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். கமராவை ட்ரைபொட்டில் பூட்டி, மேசைமேல் இருக்கும் கேக்கை நோக்கிக் கீழே கவிழ்க்கிறீர்கள். ஸூம் வளையத்தைத் திருப்பி, கேக் அளவாகத் தெரியும்படி வைத்துவிட்டுக் கையை எடுக்கிறீர்கள். லென்ஸின் முன்குழல் மெல்ல மெல்லத் தானாகவே கீழே இறங்குகிறது. படத்தில் கேக் பெரிதாகி, ஓரம் வெட்டுப்படுகிறது. திரும்பச் சரிசெய்தால் திரும்பவும் இறங்குகிறது. அதேபோல் நிலவைப் படமெடுக்கக் கமராவை மேலே நிமிர்த்தினால், வெளியே இழுத்து வைத்த குழல் உள்ளே சரிந்துவிடுகிறது.

“லென்ஸ் பழுதாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும்” என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பல ஆயிரம் ரூபாய் வீணாவதும் இந்த இடத்தில்தான்.

ஏன் நழுவுகிறது?

காரணம் மிக எளியது. ஸூம் லென்ஸுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகக் குழல்கள் இருக்கின்றன. குழலில் சாய்வான காடிகள் வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் வளையத்தைத் திருப்பும்போது அந்தக் காடி வழியே உள்குழல் முன்னும் பின்னும் போகிறது. திருப்பிய இடத்தில் அதை நிறுத்தி வைப்பது பூட்டு அல்ல, உராய்வு மட்டுமே. குழலின் முன்பக்கத்தில் கனமான கண்ணாடிகள் இருக்கின்றன. கமராவைக் கவிழ்த்ததும் அந்தப் பாரம் குழலைக் கீழே இழுக்கிறது. உராய்வு பாரத்தை வென்றால் குழல் நிற்கும். பாரம் உராய்வை வென்றால் குழல் நழுவும். இவ்வளவுதான் விஷயம்.

லென்ஸ் புதிதாக இருக்கும்போது உள்ளே பூசிய கிறீஸ் தடிப்பாகவும், சிறு உருளைகள் தேயாமலும் இருக்கும். நாளாக நாளாக அவை தளர்கின்றன. ஆகவே பழைய லென்ஸ் நழுவுவது முதுமையின் அடையாளமே தவிர மரணத்தின் அடையாளம் அல்ல. சில லென்ஸ்கள் பெட்டியிலிருந்து எடுத்த நாளிலேயே நழுவும். வளையம் இலகுவாகத் திரும்ப வேண்டும் என்று உராய்வைக் குறைத்துச் செய்ததன் விளைவு அது.

எல்லா லென்ஸும் நழுவாது

கமராவோடு சேர்ந்து வரும் 18–55 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 200 கிராம் எடைதான். அதன் குழலும் சிறிது என்பதால் நழுவுவது அரிது. ‘எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ்’ என்று விற்கப்படும் 18–200 மி.மீ. போன்றவையே அதிகம் நழுவுபவை. நிக்கோன் நிறுவனம் 2005இல் அறிமுகப்படுத்திய 18–200 மி.மீ. லென்ஸ் இதற்குப் பேர்போனது. அதன் எடை 560 கிராம். 2009இல் வந்த இரண்டாம் பதிப்பில், குழல் நழுவாமல் பிடிக்க ஒரு பூட்டுப் பொத்தான் சேர்க்கப்பட்டது. கெனன் நிறுவனத்தின் 18–200 மி.மீ. லென்ஸ் 2008இல் வரும்போதே பூட்டோடு வந்தது.

எடை கூடினால் நழுவியே தீரும் என்றும் இல்லை. கெனன் ஈ.எஃப். வரிசையின் 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆனாலும் அது நழுவாது. ஏனெனில் அதில் குழல் வெளியே நீளுவதே இல்லை. கண்ணாடிகள் உள்ளுக்குள்ளேயே நகர்கின்றன.

உங்கள் லென்ஸ் எந்த வகை என்று அறிய, குழலைப் பாதியளவு நீட்டிக் கமராவைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். அரை நிமிடம் பாருங்கள். பிறகு மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போதும் இந்தச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். நழுவினால் வாங்கக் கூடாது என்பதல்ல. விலையைப் பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம். நீங்கள் விற்பவராக இருந்தால், வாங்குபவர் கேட்குமுன் இந்தக் குறையைச் சொல்லிவிடுவதே நேர்மையான வியாபாரம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, பூட்டு. லென்ஸின் பக்கத்தில் சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கமராவைக் கழுத்தில் மாட்டி நடக்கும்போது பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் குழல் தொங்கி, கதவிலும் மேசை ஓரத்திலும் அடிபடும். ஆனால் பெரும்பாலான பூட்டுகள் குழல் முழுதாக உள்ளே இருக்கும்போது மட்டுமே பிடிக்கும். பாதியில் பூட்ட முயன்று பொத்தானை நெரிக்க வேண்டாம்.

இரண்டாவது, றப்பர் பேண்ட். அகலமான ஒன்றை எடுங்கள். கையில் அணியும் சிலிக்கன் வளையம் இன்னும் நல்லது. அதன் பாதி, திரும்பும் ஸூம் வளையத்தின்மேலும், மறுபாதி அதற்கு அடுத்துள்ள அசையாத பகுதியின்மேலும் படும்படி மாட்டுங்கள். குறைந்துபோன உராய்வை இது வெளியிலிருந்து கொடுக்கிறது. வளையத்தைக் கையால் திருப்பலாம்; கையை எடுத்தால் நிற்கும். ஃபோகஸ் வளையத்தின்மேல் மட்டும் பட விடாதீர்கள். தானாகக் குவிக்கும் மோட்டருக்கு அது சுமையாகும். சாதாரண றப்பர் நமது வெக்கையில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, ரேப். கமரா ஒரே நிலையில் இருந்து பல படங்கள் எடுப்பதானால், வளையத்தையும் அசையாத பகுதியையும் சேர்த்துச் சிறு துண்டு ரேப் ஒட்டினால் போதும். பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் காகித ரேப்பே ஏற்றது. வயர் சுற்றும் கறுப்பு ரேப் பசையை விட்டுச் செல்லும்.

நான்காவது, செலவே இல்லாத வழி. நழுவும் குழல் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். கீழே பார்த்தால் முழுதாக நீண்டு நிற்கும். மேலே பார்த்தால் முழுதாக உள்ளே போய் நிற்கும். அதற்கு மேல் போக வழியில்லை. ஆகவே கீழ்நோக்கி எடுக்கும்போது குழலை முழுதாக நீட்டிவிட்டு, அளவுக்கு ஏற்பக் கமராவின் உயரத்தைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். ஸூமால் செய்ய நினைத்ததை ட்ரைபொட்டால் செய்கிறோம். சில லென்ஸ்கள் அகலமாகக் காட்டும் முனையிலும் நீளும் என்பதால், உங்களுடையது எந்த எண்ணில் நீண்டு நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழி 18–200 மி.மீ. லென்ஸில் எல்லா வேலைக்கும் சரிவராது. 200இல் ஒரு மோதிரமோ தோடோ எடுக்கலாம்; முழுக் கேக் அடங்காது. அப்போது றப்பரும் ரேப்பும் கைகொடுக்கும். அடிக்கடி மேலிருந்து படமெடுப்பவர்களுக்கு ஸூமே இல்லாத 50 மி.மீ. லென்ஸ் நிரந்தரத் தீர்வு. கெனன் 2015இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம் அளவுதான். வீடுகளில் பாவிக்கும் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கமராவில் அதைப் பூட்டி ஒரு மீற்றர் உயரத்தில் வைத்தால், மேசையில் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் படத்தில் விழும். ஒரு கேக் தட்டுக்கு அது தாராளம்.

செய்யக் கூடாதவை

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல் லென்ஸுக்கு எண்ணெய் விடாதீர்கள். நழுவுவதை அது இன்னும் கூட்டும். அதைவிட மோசம், எண்ணெய் உள்ளே ஊர்ந்து, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மெல்லிய தகடுகளை ஒட்டவைத்துவிடும். அதன்பின் உண்மையிலேயே லென்ஸ் பழுதுதான். திருகாணிகளைக் கழற்றி இறுக்கப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே கண்ணாடிகள் மயிரிழை அளவுக்குச் சரிபார்த்துப் பூட்டப்பட்டவை.

நழுவிய பின் குழலை மட்டும் சரிசெய்துவிட்டுப் படமெடுப்பதும் தவறு. ஸூம் மாறினால் பல லென்ஸ்களில் ஃபோகஸும் மாறும், 3.5–5.6 என்று எழுதிய லென்ஸ்களில் உள்ளே வரும் ஒளியின் அளவும் மாறும். ஆகவே திரும்பவும் ஃபோகஸ் செய்து, வெளிச்சத்தையும் பார்த்த பிறகே எடுங்கள். கூட்டம் நிறைந்த கலியாண வீட்டில் ஒரு தடவை தவறிய காட்சி மறுபடி வராது.

எப்போது பழுதுபார்ப்பவரிடம் போவது?

குழல் நழுவுவது மட்டும்தான் குறை என்றால் அவசரமில்லை. ஆனால் வளையம் திரும்பும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டாலோ, ஓரிடத்தில் இறுகி நின்றாலோ, குழல் பக்கவாட்டில் ஆடினாலோ, படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தாலோ தாமதிக்க வேண்டாம். கடற்கரைக்குப் போய்வந்த கமராவில் மணல் புகுவது வழமை. அதை வைத்துக்கொண்டு திருப்பத் திருப்ப உள்ளே காடிகள் தேயும்.

கொடுக்குமுன் “எதை மாற்றப் போகிறீர்கள், எவ்வளவு ஆகும்?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தேய்ந்த உருளையை மாற்றுவதும் கிறீஸ் பூசுவதும் ஒரு வேலை, கண்ணாடித் தொகுதியை மாற்றுவது வேறு வேலை, கூலியும் வேறு. கேட்கும் தொகை பழைய லென்ஸின் விலையை நெருங்கினால், வீட்டுக்குத் திரும்பி ஒரு றப்பர் பேண்டைத் தேடுவதே புத்திசாலித்தனம்.