விலாவைத் தடவிப் பாருங்கள்

கல்கிசைக் கடற்கரையில் ஒல்லியான நாயோடு நடப்பவருக்கு ஒரு கேள்வி தப்பாது: "ஏன் தம்பி, இதுக்குச் சாப்பாடு போடுறேல்லையோ?" ஒட்டிய வயிற்றைக் கண்டால் யாருக்கும் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் ஒல்லி வேறு, பட்டினி வேறு. அதைக் கண்ணைவிடக் கைதான் சரியாகச் சொல்லும்.

இடக்கையைப் பொத்தி, விரல் மொளிகளை வலக்கையால் தடவுங்கள். நாயின் விலா அப்படி உறுத்தினால் அது மெலிந்துவிட்டது. இப்போது விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கடியில் எலும்பு எண்ணக் கிடைக்கிறதல்லவா, அதுதான் நல்ல உடம்பு. உள்ளங்கையைப்போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மேலிருந்து பார்க்கையில் விலாவுக்குப் பின்னே இடுப்பு ஒடுங்க வேண்டும். மிருக வைத்தியர்கள் இதையே 9 படிகளாக வகுத்திருக்கிறார்கள். 4, 5 நல்ல படிகள். சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களுக்குக் கடைசி விலாக்கள் வெளியே தெரிவதும் இயல்பே. பொம்மரேனியனிலோ சடை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக வளர்த்தார்கள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்குக் கால்வாசி உணவு குறைவு. 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்டவற்றில் பாதி 13 வயதைத் தாண்டின. மற்றவற்றில் பாதி 11.2 வயதை. அளவான உடம்புக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தி, தொடைச் சதை வற்றினால் அது மெலிவுதான். முதலில் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இரத்தத்தைக் குறைத்திருக்கலாம். வைத்தியரிடம் காட்டாமல் சோற்றை மட்டும் கூட்டிப் பயனில்லை.

நோயில்லை என்றால், அன்றாட அளவில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பாணும் குழம்புச் சோறும் போதாது. இறைச்சி, முட்டை, முள் நீக்கிய மீன் வேண்டும். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சமைத்தாலும் அப்படித்தான். ஆகவே நாயின் பங்கை உப்பு, வெங்காயம் சேர்க்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

நாள்கணக்காகப் பட்டினி கிடந்த தெருநாய்க்கு ஒரேயடியாகத் தட்டை நிரப்பாதீர்கள். இரத்தத்தின் உப்புகள் திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கையளவு, பல வேளை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள். உங்கள் நிறையைக் கழித்து, மிச்சத்தைக் கலண்டரில் எழுதுங்கள்.