பேசாத மொழியைப் படித்த மனிதர்



"அடுத்தவங்களைப் புரிஞ்சுக்க அவங்க மொழி தெரிஞ்சா போதும்"னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போயிட்டார். நான் கேட்கிறேன், ஒரே மொழி பேசுற வீட்டுல சண்டையே வர்றதில்லையா? (சிரிப்பு)

பேசாத மொழி என்று ஒன்று இருக்கிறது நடுவர் அவர்களே! அதைப் படிப்பதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் எட்வர்ட் டி. ஹால். அமெரிக்க மானிடவியல் அறிஞர். 1914இல் பிறந்து, 2009இல் மறைந்தவர்.

1930களில், இளைஞராக, அரிசோனாவில் நவஹோ, ஹோப்பி பழங்குடி மக்களோடு வேலை பார்த்தார். சாலை போடுவது, அணை கட்டுவது, இதுதான் வேலை. அரசாங்கமோ "இத்தனை நாளில் முடியணும்" என்று கெடு வைக்கிறது. ஹோப்பி மக்கள் கணக்கே வேறு. மக்காச்சோளம் முற்ற ஒரு காலம் உண்டு, ஆட்டுக்குட்டி வளர ஒரு காலம் உண்டு. வீடு கட்டவும் அணை கட்டவும் அப்படி ஒரு காலத்தை இயற்கை வைக்கவில்லையே! கெடு வைத்தவர் கண்ணுக்கு இது சோம்பேறித்தனம். அவர்கள் கண்ணுக்கு அந்த அவசரம்தான் அர்த்தமில்லாதது. சோம்பேறியும் இல்லை, முரடனும் இல்லை. ரெண்டு பேர் கையிலயும் வேற வேற கடிகாரம், அவ்வளவுதான்! (கைதட்டல்)

1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார் ஹால். 1950களின் முதல் பாதியில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனத்தில், வெளிநாடு போகும் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தினார். எதிரணி நண்பர் கவனிக்கணும்! மொழிப் பயிற்சி அங்கேயே உண்டு. ஆனாலும் போன இடத்தில் தடுமாறினார்கள். ஏன்?

லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றில் ஓர் அமெரிக்க அதிகாரி மந்திரியைப் பார்க்கப் போகிறார். 45 நிமிடம் காக்க வைக்கிறார்கள். இவருக்கு அது அவமானம். அந்த ஊர் வழக்கப்படி காத்திருப்பே அப்பத்தான் ஆரம்பம்! (சிரிப்பு)

அப்புறம் தூரம். அவர்கள் நெருங்கி நின்று பேசுகிறவர்கள். இவர் ஓர் அடி பின்னால் போக, அவர் ஓர் அடி முன்னால் வர, பேச்சு முடிவதற்குள் நடைபாதையே முடிந்துவிடும். "ஒட்டிக்கிட்டே வர்றாரே"ன்னு இவர் நினைக்கிறார், "ஒதுங்கிக்கிட்டே போறாரே"ன்னு அவர் நினைக்கிறார். ஒரு வார்த்தைகூட தப்பாகப் பேசவில்லை, ஆனால் உறவு கெட்டுவிட்டது!

ஹால் இதை அளந்தும் பார்த்தார். மிக நெருங்கியவருக்கு 18 அங்குலம் வரை, நண்பருக்கு 4 அடி வரை, அலுவல் பேச 12 அடி வரை, அதற்கு மேல் மேடைப் பேச்சு. இது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி நடுத்தர மக்களைப் பார்த்து எடுத்த கணக்கு. ஊருக்கு ஊர் மாறும் என்றும் சொன்னார். 1959இல் 'மௌன மொழி' என்று பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். 1976இல் வந்த நூலில் இன்னொன்று சொன்னார்: சில சமூகங்களில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஜப்பான் போன்ற இடங்களில் சொல்லாமல் விட்டதில்தான் பாதி அர்த்தம் இருக்கும்.

"ஒரு நாட்டையே ஒரே தட்டில் வைக்கலாமா?" என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அவர் அழுத்திச் சொன்னது, அடுத்தவர் வழக்கத்தைப் படிப்பதே நம்முடைய வழக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான் என்பது.

இது அதிகாரிகள் சமாச்சாரம்னு விட்டுடாதீங்க. நேர்முகத் தேர்வுல ஒரு பிள்ளை பெரியவங்க முன்னால தலை குனிஞ்சு பதில் சொல்லுது. வளர்த்த மரியாதை அது. எதிரே இருக்கிறவர் "தன்னம்பிக்கை இல்லை"ன்னு எழுதிடறார். ஒரு குடும்பத்தோட எதிர்பார்ப்பு அந்த ஒரு வரியில போச்சு!

வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்தார். ஒன்று பொருட்பாலில், ஒன்று காமத்துப்பாலில். அரசவைக்கும் அது வேணும், அன்புக்கும் அது வேணும்!

ஆகவே, "திமிர் பிடிச்சவன்"னு ஒருத்தரை முடிவு கட்டுறதுக்கு முன்னால, அவர் ஊர்ல இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நிமிஷம் யோசிப்போம். மனிதர்களைச் சேர்த்து வைப்பது பேசாத மொழியே என்று கூறி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)