பங்கீட்டில் அடங்காப் பண்டங்கள்

பண்டங்கள் அருகிய காலத்தில் அரசு பங்கீட்டை மேற்கொள்வது, செல்வரும் வறியரும் ஒரே அளவு பெறவேண்டும் என்னும் நோக்கத்தாலாகும். ஆயின் எப்பண்டத்தைப் பங்கிடலாம் என்பதை அந்நோக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பண்டத்தின் இயல்பும் தீர்மானிக்கின்றது. இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்து இங்கிலாந்து இதற்குத் தக்க சான்று.

அங்கு 1940 சனவரி 8 ஆம் திகதி பங்கீடு தொடங்கியது. ஆளொருவருக்கு வாரத்திற்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், சீனி 12 அவுன்ஸ். யூலையில் தேயிலையும் 2 அவுன்ஸாகச் சுருங்கியது. மீனோ இறுதிவரை பங்கீட்டினுள் வரவேயில்லை. காரணம் யாது? கூப்பன் என்பது அரசு எழுதிக்கொடுத்த கடன்பத்திரம் போன்றது. அதனைக் கொண்டுவந்தவர் வெறுங்கையோடு திரும்பின் அரசின் வாக்குப் பொய்த்துவிடும். சீனியை மூடையிட்டுக் களஞ்சியத்தில் வைத்து, அடுத்த மாதத்திற்கு எத்தனை இறாத்தல் உண்டென இன்றே கணக்கிடலாம். நாளை வலையில் விழும் மீனுக்கு எவர் கணக்கெழுதுவார்? விழுந்த மீனும் ஓரிரு நாளிற் கெட்டுவிடும்.

பாணும் உருளைக்கிழங்கும் யுத்தம் முடியும்வரை பங்கிடப்படாமைக்குக் காரணம் வேறு. சுரங்கத் தொழிலாளியின் பசியும் கந்தோர் எழுதுவினைஞரின் பசியும் ஒன்றல்ல. ஏனையவற்றில் எல்லார்க்கும் ஏறக்குறைய ஓரளவே விதித்த அரசு, எஞ்சிய பசி தீர்தற்கு இவ்வொரு வாயிலைத் திறந்துவைத்தது. யுத்தம் ஓய்ந்தபின், 1946 யூலையில், அவ்வாயிலும் அடைபட்டுப் பாண் கூப்பனுக்கு வந்தது. அப்போது எழுந்த கண்டனம் வியப்புக்குரியதன்று.

பங்கீட்டுக்கு வெளியே நின்ற மீன் எவர் கைக்குச் சென்றது? வரிசையில் நிற்கப் பொழுதுடையார்க்கும், கடைக்காரரின் தயவுடையார்க்குமே. ஆலைவேலை முடிந்து மாலையில் வரும் பெண்ணுக்கு வெறும் பலகையே எஞ்சியது. உணவுச்சாலையில் உண்பதற்கும் கூப்பன் வேண்டியதில்லை. பணமுடையோர் அங்குப் புகுந்தனர். ஓருணவுக்கு 5 சிலிங்குக்கு மேல் அறவிடலாகாதென 1942 இல் விதித்தும் அவ்வழி முற்றாக அடைபடவில்லை. தகரத்தில் அடைத்த உணவுகளுக்கு 1941 டிசெம்பரில் வந்த புள்ளிமுறையே, என் கருத்தில், இவற்றுள் நுட்பமானது. புள்ளிகள் எல்லார்க்கும் சமம். எதை வாங்குவது என்பது அவரவர் விருப்பம். கிராக்கி மிக்க பண்டத்திற்குப் புள்ளியை உயர்த்தினாற் போதும்.

இலங்கை நிலைமையோ மறுதலையானது. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. முதன்மை உணவாகிய அரிசியே கூப்பனுக்குள் அடங்கிற்று. குறைந்த வயிற்றை நிரப்பியவை மரவள்ளிக்கிழங்கு, குரக்கன், ஒடியல் முதலியன. தோட்டமும் பனங்காணியும் உடையார் அவற்றைத் தம் நிலத்திலேயே பெற்றனர். நிலமற்ற நகரத்துக் கூலியாள் அவற்றையும் சந்தை விலைக்கே வாங்க நேர்ந்தது.