திண்ணையில் ஒரு காப்பு

நெல்லைச் சீமையின் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களின் மடியில் தட்டு. அதில் நறுக்கிய இலை, புகையிலைத் தூள், நூல். குனிந்த முதுகு, தூள் ஏறும் மூச்சு, எண்ணிக்கைக்குக் கூலி என்ற பதற்றம் எல்லாம் உடலையும் மனதையும் அரிப்பவை. ஆனால் திண்ணையில் நாலு பேர் பேசிக்கொண்டே சுற்றுவது பலரும் கவனிக்காத காப்பு. 148 ஆய்வுகளை 2010-இல் தொகுத்த அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு, உறவுகள் வலுவாக உள்ளோர் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று கண்டது.

உடம்பு நன்றாக இருப்பவர்தானே ஊரோடு பழகுவார் என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தொகுப்பில், தொடக்க உடல்நிலை எப்படி இருந்தாலும் அந்த வேறுபாடு தெரிந்தது. அதற்காகப் பேச்சு தூளை வடிகட்டிவிடாது. கூலி உயர்வைத் தள்ளிப்போட அதைச் சாக்காகச் சொல்வது அநியாயம். நலத்திட்டம் வகுப்பவர்கள் அந்தக் கூட்டத்தைக் கலைக்காமல், நுரையீரல் பரிசோதனையை அந்தத் தெருவுக்கே கொண்டுவர வேண்டும்.