மருந்தடித்த கைகளும் தழும்பேறும் நுரையீரலும்

கெமாஸ் போன்ற தோட்டப்புறங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மாறாமல் நின்ற வேலை ஒன்று உண்டு. அதுதான் மருந்தடிப்பது. பம்பை முதுகில் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களில் பலர் நம் தாய்மார்கள்.

அந்தக் களைக்கொல்லிகளில் மிகக் கொடியது பாராகுவாட். மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேடுகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்தது. அதே ஆண்டில் பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது.

இந்த நஞ்சு ஏன் நுரையீரலைத் தாக்குகிறது? உடலுக்குத் தேவையான வேறொரு பொருள் என்று ஏமாந்து, நுரையீரல் அணுக்களே இதை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே பிராணவாயுவோடு சேர்ந்து, அணுச்சவ்வில் உள்ள கொழுப்பை இது அரிக்கிறது. அதனால்தான் பாராகுவாட் உட்கொண்டவருக்கு மருத்துவர்கள் எடுத்த எடுப்பில் பிராணவாயு கொடுப்பதில்லை. உடனே உயிர் போகாவிட்டாலும், சில வாரங்களில் நுரையீரல் தழும்பேறி மூச்சு அடங்கிவிடக்கூடும்.

தழும்பு என்பது காயத்தை ஆற்ற உடல் போடும் ஒட்டு. ஒட்டுப் போடும் வேலை நிற்காமல் போனால் அதுவே நோய். இதில் கொழுப்புக்கும் பங்கு உண்டு. கொழுப்பு என்றதும் எண்ணெயும் நெய்யும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அணுக்களுக்குத் தகவல் சொல்லும் கொழுப்புகளும் நம் உடலில் உள்ளன.

அவற்றில் ஒன்று எல்.பி.ஏ. எனப்படும் லைசோபாஸ்பாடிடிக் அமிலம். ஆட்டோடாக்ஸின் என்ற நொதி இதை உருவாக்குகிறது. தழும்பு நார் பின்னும் அணுக்களைக் காயம்பட்ட இடத்துக்கு இது கூவி அழைக்கிறது. காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயாளிகளிடம் இதன் அளவு கூடியிருப்பதை ஆண்ட்ரூ டேகர் குழுவினர் 2008-இல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். எல்.பி.ஏ.-வின் அழைப்பைக் கேட்கும் வாங்கி இல்லாத எலிகளுக்குத் தழும்பு குறைவாகவே ஏற்பட்டது. எல்லாக் கொழுப்பும் பகையல்ல. புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற கொழுப்பு, நார் பின்னும் அணுக்களுக்குக் கடிவாளம் போடுகிறது.

2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகள் அந்த நோயின் வேகத்தைக் குறைக்கும். விழுந்த தழும்பை அழிக்காது. ஆட்டோடாக்ஸினைத் தடுக்கும் மருந்து ஒன்றின் பெரிய சோதனை 2021-இல் பலனின்றி நிறுத்தப்பட்டது. எல்.பி.ஏ. வாங்கியை அடைக்கும் மருந்துகளும் சோதனைக்கு வந்துள்ளன.

மருந்தடித்த எல்லோருக்கும் இந்த நோய் வரும் என்பதல்ல. ஆனால் விடாத வறட்டு இருமலும் படியேறும்போது மூச்சிரைப்பும் இருந்தால், வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடக் கூடாது. மருத்துவமனையில் "தோட்ட வேலை" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனை ஆண்டுகள், என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் அதை இன்றே கேட்டு எழுதி வைக்கட்டும். நோய்க்குக் காரணம் தேடவும், தொழில் நோய்க்காகச் சொக்சோவை நாடவும் அந்தக் குறிப்பு உதவும்.