நிபுணர் ஆண்டால் நாடு செழிக்குமா?

எமது அச்சுவேலிப் பகுதித் தோட்டங்களில் துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்து பல தசாப்தங்கள் ஆகிவிட்டன. துலா மிதித்த கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. இயந்திரத்தின் நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேலே நன்னீர், ஆழத்தே உவர்நீர். சுண்ணாம்புக் கல்லினுள் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கும் மழைநீரே எமது நிலத்தடி நீர். அளவு மீறி இறைத்தால் உவர் மேலே ஏறும். எவ்வளவு இறைக்கலாம் என்பதை நிபுணர் கணித்துச் சொல்லலாம். யாருடைய தோட்டத்திற்கு எவ்வளவு என்பதை யார் தீர்மானிப்பது?

இக்கேள்விக்கு, “அதையும் நிபுணரே தீர்மானிக்கட்டும்” என்று விடை சொன்ன ஓர் இயக்கம் நூறு ஆண்டுகளுக்கு முன்பு தோன்றியது. அதன் கதை இன்றும் எமக்குப் பயன்படும்.

அமெரிக்காவிற் பிறந்த கனவு

முதலாம் உலகப் போர் முடிந்தபின், 1919இல் நியூயோர்க் நகரில் ஹவார்ட் ஸ்கொட் என்பவர் பொறியியலாளர், விஞ்ஞானிகள் சிலரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். தொழிற்றுறையை இலாபம் தேடுவோர் அல்ல, பொறியியலாளரே நடத்த வேண்டும் எனப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் எழுதிய காலமும் அதுவே. அப்போது அதிகம் பேர் செவிகொடுக்கவில்லை. 1929இல் பொருளாதாரம் சரிந்தது. ஒரு புறம் விலைப்படாத கோதுமை, மறு புறம் உணவுக்காக நீண்ட வரிசைகள். 1932இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட்டின் ஆய்வுக்கு இடம் கிடைத்ததும் ‘ரெக்னோகிரசி’, அதாவது தொழில்நுட்ப வல்லுநர் ஆட்சி, நாடெங்கும் பேசுபொருளாயிற்று.

அவர்களின் திட்டம் துணிகரமானது. பணம் ஒழிக்கப்படும். நாடு உற்பத்தி செய்யும் சக்தியின் அளவைக் கணக்கிட்டு, எல்லாருக்கும் சமமாகச் சக்திச் சான்றிதழ்கள் வழங்கப்படும். 25 வயது முதல் 45 வயது வரை, கிழமைக்கு 16 மணி நேரம் உழைத்தாற் போதும். அரசியல்வாதிகளும் தேர்தல்களும் தேவையில்லை.

1933இன் தொடக்கத்திலேயே பிளவு வந்தது. ஸ்கொட்டின் பொறியியற் தகைமைகள் உண்மையல்ல எனத் தெரியவந்தது, பல்கலைக்கழகம் விலகிக்கொண்டது. இயக்கம் தனி அமைப்பாகத் தொடர்ந்தது. போர்க்காலத்தில், 1940 முதல் 1943 வரை, கனடா அதைத் தடை செய்திருந்தது. அங்கு அதன் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவரான யோசுவா ஹால்டெமன், இன்று உலகறிந்த செல்வந்தர் எலான் மஸ்க்கின் தாய்வழிப் பாட்டனார்.

இந்தியாவில்

இந்தியாவிலும் இதற்கு நெருங்கிய ஒரு சிந்தனை வளர்ந்தது. மைசூரின் கிருஷ்ணராஜசாகர் அணையோடு பெயர் இணைந்த பொறியியலாளர் விஸ்வேஸ்வரய்யா, திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி 1934இல் நூல் வெளியிட்டார். மறு ஆண்டு பௌதிக விஞ்ஞானி மேகநாத் சாகா, கல்கத்தாவில் விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் இணைத்துப் பேசும் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1938இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஸ் சந்திர போஸ், தேசியத் திட்டக் குழுவை அமைத்தார். நேரு அதன் தலைவரானார். இவர்கள் தேர்தலை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆயினும் பெருந்தொழிலும் மின்சாரமும் வறுமையைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பொதுவானது.

சாகாவை நாம் எளிதிற் குறைகூற முடியாது. அவர் டாக்கா அருகே ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன். மாணவராயிருந்தபோது சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டவர். பழைய கிராமம் எல்லாருக்கும் இனித்ததில்லை. எமது குடாநாட்டிலும், கிணற்றில் அள்ளவிடாது தடுக்கப்பட்டு, யாராவது வார்க்கும்வரை குடத்துடன் காத்து நின்ற மக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இயந்திரம் விடுதலையின் அடையாளமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

எதிர்க்குரல் ஒரு தமிழரிடமிருந்து வந்தது. 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜே. சி. குமரப்பா, அதே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1920களின் இறுதியிற் படித்தவர். பின் காந்தியடிகளோடு சேர்ந்து, 1934இல் உருவான அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தினார். தேசியத் திட்டக் குழுவில் இடம்பெற்றும், அதன் போக்கு கிராமத்திற்கு உதவாது எனக் கண்டு விலகினார். நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு. மண்ணும் மழையும் உழைப்பும் மீண்டும் மீண்டும் கிடைக்கும் ஓட்டம். இருப்பைத் தின்று வாழும் பொருளாதாரம் போட்டியிலும் போரிலும் முடியும் என்று அவர் எச்சரித்தார்.

சாகா வலியுறுத்திய தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் 1948இற் தொடங்கியது. மின்சாரம் கிடைத்தது, பாசனமும் கிடைத்தது. ஆனால் அணைகளுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலமிழந்தன. அவர்களுட் சந்தால் பழங்குடியினர் பலர். கணக்குப் போட்டவர்களிடம் நீரின் அளவு இருந்தது. அம்மக்களின் சம்மதம் இருக்கவில்லை.

எமக்குரிய பாடம்

அறிவு வேண்டும், நிபுணரும் வேண்டும். அவர்கள் இல்லாமல் எமது கிணறுகளில் உவர் எவ்வளவு ஏறியுள்ளது என்பதைக்கூட அளக்க முடியாது. குமரப்பாவின் சொற்களில் வைத்துப் பார்த்தால், எமது நிலத்தடி நீர் இருப்பும் ஓட்டமுமாகும். மாரி தருவதற்குள் நின்றால் ஓட்டம், அதை மீறினால் தீரும் இருப்பு. இதைச் சொல்வது விஞ்ஞானத்தின் பணி. ஆனால் யார் குறைக்க வேண்டும், குறைப்பவரின் நட்டத்தை யார் பகிர்ந்துகொள்வது என்பன நீதி பற்றிய கேள்விகள். அவற்றுக்குக் கமக்காரரும் கூலியாளரும் நிலமற்றவரும் சேர்ந்திருந்து பேசியே விடை காணவேண்டும்.

இன்று கணினியும் செயற்கை நுண்ணறிவும் எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் என்ற குரல் மீண்டும் கேட்கிறது. அதையும் நாம் திறந்த மனத்தோடு கேட்போம். கேட்டபின் இரு வினாக்களை எழுப்புவோம். இதனால் யாருடைய சுமை குறைகிறது? தீர்மானிக்கும் இடத்தில் அச்சுமையைச் சுமப்பவர் இருக்கிறாரா? உங்கள் கமக்காரர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவ்விரண்டையும், உங்கள் கிணற்றையே உதாரணமாக வைத்து, பேசிப் பாருங்கள்.